குண்டு அடுக்கும் நௌபர் நானாவின் இறாலும்

சேற்றுக்கு வயது பார்ப்பது என் தொழில். செய்கிற வேலையை விளக்கப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நமக்குள் சொல்லி ஆறிக்கொள்வோம்.

விளக்கினேன்

புத்தளம் களப்பின், அதாவது கடலோடு சேர்ந்த உப்பேரியின், அடியில் நீளக் குழாயை இறக்கி, அடுக்குக் குலையாமல் சேற்றை எடுக்க வேண்டும். கண்டக்குழி ஊர் மீனவர் நௌபர் நானாவின் தோணியில் போனேன். ஒரு காலத்தில் வல்லரசுகள் அணுகுண்டு வெடிக்கவைத்துப் பார்த்ததில் எழுந்த தூசி உலகமெங்கும் விழுந்தது, இந்தச் சேற்றிலும் மெல்லிய அடுக்காகக் கிடக்கும், அதற்கு மேலே இருப்பதெல்லாம் பிறகு படிந்தது, அந்த அடுக்குக் கிடைத்தால்தான் எனக்கு ஆய்வுப் பட்டம் என்றேன். நானா தண்ணீரை எட்டிப் பார்த்தார்.

"ஆரோ போட்ட குண்டு, எங்கட சேறு, பட்டம் மட்டும் உங்களுக்கா மிஸ்?"

இன்னும் விளக்கினேன்

நானா இதைத் தேத்தண்ணிக் கடையில் சொல்ல, பின்னேரத்துக்குள் களப்பில் குண்டு கிடக்கிறது என்றாகிவிட்டது. இறால் வாங்கும் முதலாளி, என் ஆய்வு முடிவு வரும்வரை நானாவின் இறால் வேண்டாம் என்றுவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. கடைக்கே ஓடிப்போய், அது இம்மியளவுதான், ஒன்றும் செய்யாது, வயலிலும் தென்னந்தோட்டத்திலும்கூட இருக்கிறது என்றேன். முதலாளிக்கு முந்தல் ஊரில் தென்னந்தோட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. அவர் முகம் இருண்டது. நானா என் பக்கம் குனிந்தார்.

"இறாலோட நிப்பாட்டுங்க மிஸ். தேங்காயை உட்டுடுங்க."

விசாரிப்பு

ஆய்வுகூடத்தில் முடிவு வர மாதக்கணக்காகும். நானா அடிக்கடி தொலைபேசியில் கேட்பார், பொறுங்கள் என்பேன். விலைபோகாத இறாலை என்ன செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"மூணு நேரமும் அதுதான் ஆக்குற. புள்ளைகள் பருப்புக் கேட்டு அழுவுதுகள் மிஸ்."

முடிவு

வந்தது. அடுக்கே இல்லை. மேலிருந்து கீழ்வரை தூசி ஒரே மாதிரிக் கலந்து கிடந்தது. யாரோ சேற்றைக் கிளறியிருக்க வேண்டும். கடையில் வைத்து நானாவைக் கேட்டேன்.

"நான்தான். நீங்க வாறதுக்கு முந்தி, நீங்க சொல்லியிருந்த இடத்துல தோணிக் கம்பால நல்லாக் கிண்டி உட்டன். குழாய் இறக்கக் கஷ்டப்படுவீங்க எண்டுதான்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பக்கத்து மேசையிலிருந்து முதலாளி, "அப்ப குண்டு அடுக்குக் கிடைக்கல்லையா?" என்றார். இல்லை என்றேன். தூசி கலந்துபோனதை விளக்க வாயைத் திறந்தேன். நானா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மூடிக்கொண்டேன். முதலாளி தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"குண்டு இல்லையாம். நாளைக்கு இறாலைக் கொண்டு வா நௌபர்."

விளக்கிக் கெடுத்ததை விளக்காமல் சரிசெய்ததற்கு எனக்குக் கிடைத்தது ஒரு பை இறால். பட்டத்துக்கு இன்னொரு குழாய் இறக்க வேண்டும், நானாவுக்குச் சொல்லாமல்.