செக்கர் சாரின் குளியல்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் யாருடைய இடுப்பு பெருத்தது, யாருடைய தோள் இறங்கியது என்கிற விவரமெல்லாம் ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ஒற்றை அறையில் குடியிருந்த தையல்காரி அவள். ஆல்ட்ரேஷன் அக்கா என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். புதுத் துணி தைப்பதில்லை. பெரியதைச் சின்னதாக்குவாள், சின்னதைப் பெரியதாக்குவாள், அறுந்த ஜிப்பை மாற்றுவாள். சங்கச் செயலாளர் எவ்வளவு பருத்துவிட்டார் என்பது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது, இவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் வெளியே மூச்சு விடமாட்டாள். அடுத்தவர் உடம்பைப் பற்றி வாய் திறந்தால் தொழில் போய்விடும்.

அவள் வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் அவளையே தூக்கிச் சாப்பிடுகிறவர். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி ஏறி டிக்கெட் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தில் செக்கர் சார் என்று பெயர். வேலைக் காலம் முழுவதும் ஊராரிடம் 'எடுங்க, காட்டுங்க' என்று கேட்ட மனிதர், தன்னுடையதை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார். வீட்டிலும் சட்டையின் கழுத்துப் பொத்தான் போட்டபடிதான் இருப்பார். குளிக்கப் போனால் தாழ்ப்பாளைப் போட்டு, போட்டது சரிதானா என்று இழுத்தும் பார்ப்பார். கல்யாணமான புதிதில், "உள்ள என்ன பொக்கிஷமா வச்சிருக்கீங்க?" என்று அவள் கேலி செய்திருக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது சிரிக்கிற விஷயமில்லை.

அப்படிப்பட்டவரைத்தான் பக்கவாதம் வந்து வலது பக்கமாகச் சாய்த்துவிட்டது. கையும் காலும் போயின. வாய் ஒரு பக்கம் கோணியது. சிரித்தால் இன்னும் கோணும் என்பதால் வெளி ஆட்கள் முன்னால் சிரிப்பதையே விட்டுவிட்டார். தலை போகிற பிரச்சினை குளியல்தான். குளியலறைக் கதவு குறுகல், சக்கர நாற்காலி நுழையாது. ஆளைத் தூக்கிக்கொண்டு போக அவளுக்குத் தெம்பில்லை. ஈரத்துணியால் துடைத்தே பல மாதங்கள் ஓடின. அவர் மேல் அவருக்கே நாற்றம் அடித்தது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் யாராவது வந்தால் நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளச் சொல்வார்.

மொட்டை மாடி யோசனை அவளுடையது. அறைக்கு வெளியே சமதரை, நாற்காலி வழுக்கிக்கொண்டு போகும். கைப்பிடிச் சுவர் மார்பு உயரம். அந்தத் தெருவில் இதைவிட உயரமான கட்டடம் கிடையாது. மாடிப்படிக் கதவைச் சாத்திவிட்டால் ஈ காக்கை எட்டிப் பார்க்காது.

"யாரும் பாக்க மாட்டாங்கன்னு நீ எழுதிக் கொடுப்பியா?" என்று கேட்டார் அவர்.

"எழுத வேற செய்யணுமா? நான்தான் சொல்றேனே."

அவள் சொன்னாள் என்பதற்காகத்தான் சம்மதித்தார். முதல் நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்ல மெல்ல அந்த வெயிலும் வெந்நீரும் அவருக்குப் பிடித்துப்போயின. உணர்ச்சி இருக்கிற இடது தோளில் முதலில் ஊற்றுவாள், சூடு பதம்தானா என்று அவர் தலையசைத்த பிறகுதான் மற்ற பக்கம். ஊற்றிக்கொண்டே கட்டடத்துக் கதைகளைச் சொல்வாள், ஆள் யாரென்று மட்டும் சொல்லமாட்டாள். அவர் கோண வாயோடு, எச்சில் தெறிக்கச் சிரிப்பார். நாள் முழுக்க அவர் சிரிக்கிற ஒரே நேரம் அது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் தன் புருஷனை இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அவள் அந்த நேரத்துக்காகவே காலையில் எழுந்திருந்தாள்.

கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒழுகல் இருந்தது. சாரம் கட்டி ஏறிப் பார்ப்பதற்குப் பதிலாக, இரண்டாம் மாடியில் குடியிருந்த கல்யாண வீடியோக்காரர் தன் ட்ரோனைப் பறக்கவிட்டு விரிசல்களைப் படம் எடுத்துத் தருவதாகச் சொன்னார். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று செயலாளர் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். குழுவில் காலையில் பூங்கொத்தும், சாயங்காலம் தத்துவமும் வந்து குவிவதால் ஆல்ட்ரேஷன் அக்கா அதன் வாயை அடைத்து, திறந்து பார்ப்பதையே விட்டு வெகுநாளாகியிருந்தது.

அன்று அவர் தலையில் நுரை, கண்ணில் சோப்பு. அவள் கால்சட்டைக்காரர் ஒருவரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: இடுப்பைப் பெரிதாக்க வேண்டும், ஆனால் பெரிதாக்கியது தனக்கே தெரியக் கூடாது என்று கேட்ட ஆள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்போது வண்டு குடைகிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்தால், சுவருக்கு மேலே கறுப்பாக ஒன்று அந்தரத்தில் நின்றது. ஏதோ பொம்மை வழி தவறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். கையிலிருந்த குவளையை ஆட்டி, "போ, போ" என்று விரட்டினாள். அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது.

"என்ன சத்தம்?" என்றார் அவர், கண்ணைத் திறக்க முடியாமல்.

"ஒண்ணுமில்ல, வண்டு."

அவர் தலை நுரை வழிய அடுத்த குவளையை ஊற்றினாள்.

அதற்கடுத்த வாரம் கீழ்வீட்டுப் பெண் பாவாடை இறக்க வந்தவள், துணியைக் கொடுக்காமல் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். "அக்கா, நீங்க மனுஷியே இல்ல, தெய்வம்." எதற்கு என்று புரியாமல் அவள் விழித்தாள். அந்தப் பெண் போனை எடுத்துக் காட்டினாள்.

மாடி, வெயில், நாற்காலி. அவர் இடுப்பில் ஒரு துண்டு. அதுவும் நனைந்து ஒட்டி, இருந்தும் இல்லாத மாதிரி. சூம்பிப்போன வலது கை மடியில் கிடந்தது. ட்ரோனுக்குக் காது கிடையாது, அதனால் அவள் சொன்ன கதை இல்லை, அவர் சிரித்த சத்தம் இல்லை. பதிலுக்கு நெஞ்சை உருக்குகிற ஒரு புல்லாங்குழலைச் சேர்த்திருந்தார்கள். அவர் முகம் கோணிக் குலுங்கும் இடத்தில் எழுத்து ஓடியது: 'மனைவியின் அன்பில் கரைந்து அழும் கணவர்.' கடைசியில் அவள் நிமிர்ந்து குவளையை ஆட்டுகிறாள்.

"அழல," என்றாள் அவள். "சிரிக்கிறாரு."

பதறியடித்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். வீடியோக்காரர் கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பாள். அவரோ நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "அக்கா, விரிசலைத் தேடிப் போனேன், இது கிடைச்சுது. எடிட் பண்ணும்போது நானே அழுதுட்டேன். எல்லாரும் சண்டைதான் போடுறாங்க, ஒரு நல்ல விஷயம் நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னுதான்."

"அவரு யாருக்கும் உடம்பு காட்டாத மனுஷன் தம்பி."

"இதுல என்னக்கா இருக்கு? கீழ கமெண்ட்டப் பாருங்க, ஒருத்தர்கூடத் தப்பா எழுதல. நீங்களே கை காட்டுனீங்களே, அதனாலதான் தைரியமாப் போட்டேன்."

"கை காட்டல. விரட்டினேன்."

அவர் படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார். அவளும் பார்த்தாள். விரட்டுகிற கையும் வரவேற்கிற கையும் அவ்வளவு உயரத்திலிருந்து ஒரே மாதிரிதான் இருந்தன. அவளுக்கே சந்தேகம் வந்துவிடும் போலிருந்தது.

செயலாளரும் மரியாதையாகத்தான் பேசினார். முன்கூட்டியே அறிவித்ததை எடுத்துக் காட்டினார். மாடி பொது இடம் என்பதையும் மென்மையாகச் சொல்லிவைத்தார். கடைசியில் அவளுக்காக ஒரு சலுகை: முகத்தை மட்டும் மறைத்துவிடலாம். வீடியோக்காரர் அன்றைக்கே மறைத்தும் கொடுத்தார். இப்போது தலையிருந்த இடத்தில் மங்கலான ஒரு கட்டம், கீழே அதே உடம்பு. கொலைக் கேஸில் பிடிபட்ட ஆளைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருந்தது. அவள் கும்பிட்டுக் கேட்டுக்கொண்ட பிறகு அதையும் நீக்கிவிட்டார். ஆனால் அதற்குள் அது கைமாறிக் கைமாறி, வேறு குழல், வேறு எழுத்து என்று எங்கெங்கோ போயிருந்தது. யாரிடம் போய்க் கேட்பது? யாரென்று கேட்பது?

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தாள். ஆபீஸ் தோழி அனுப்பினாளாம். "அம்மா, எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா? நான்தான் அவங்க பொண்ணுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா உயிரையே விட்டுடுவாரும்மா."

"நீங்க ரெண்டு பேரும் எந்தக் காலத்துல இருக்கீங்க? நான் ஆஸ்பத்திரில படுத்திருந்தத நானே போட்டேன். எத்தன பேரு விசாரிச்சாங்க? மறைச்சு வைக்க நம்மகிட்ட என்னம்மா இருக்கு?"

மகளும் மனசாரத்தான் பேசினாள். அதுதான் கொடுமை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம். எல்லோரும் புகழ்ந்தார்கள். புகழ்கிறவர்களிடம் போய் எப்படிச் சண்டை போடுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவரிடம் மறைத்தாள். வருகிறவர்களைப் படியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினாள். தினமும் குளிப்பாட்டினாள், கண் மட்டும் வானத்திலேயே இருந்தது. "என்னடி, மழை வருதா?" என்று அவர்கூடக் கேட்டார். ஆனால் அவருடைய கை காலுக்கு உடற்பயிற்சி சொல்லித் தர வருகிறவர் நேரே உள்ளே வந்து, அவர் தோளைத் தட்டி, "சார், இப்ப நீங்க எங்களையெல்லாம் விடப் பெரிய ஆளு" என்று போனை நீட்டிவிட்டார். அவள் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் புல்லாங்குழல் ஆரம்பித்துவிட்டது.

செக்கர் சார் கடைசிவரை பார்த்தார். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி போனைத் திருப்பிக் கொடுத்தார். பயிற்சிக்காரர் படியிறங்கிப் போனதும் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ யாருக்குக் கை காட்டுற?"

"விரட்டினேங்க. சத்தியமா. என்னான்னே தெரியாது எனக்கு."

"பாத்திருக்க இல்ல?"

"பாத்தேன்."

"நான் கேட்டேன். வண்டுன்னு சொன்ன."

அவள் அழுதாள். அவர் அழவில்லை, கோபப்படவுமில்லை. இடது கையால் தடவித் தடவிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வழக்கமாக அதை அவள்தான் போட்டுவிடுவாள். உதவிக்குப் போனவளைத் தலையசைத்து நிறுத்திவிட்டார்.

மறுநாள் மாடிக்கு வரமாட்டேன் என்றார். அவள் விடவில்லை. பழைய போர்வைகளை ஒன்றோடொன்று தைத்து, துணிக்கொடிக் கம்பிகளில் இழுத்துக் கட்டி, குளிக்கும் இடத்துக்கு மேலே ஒரு கூரையே போட்டாள். நாற்காலியைக் கதவுவரை தள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். "பாருங்க, இப்ப மேலருந்து ஒண்ணும் தெரியாது."

அவர் அண்ணாந்து அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கு மேல என்ன நிக்குதுன்னு எனக்குத் தெரியாது. கேட்டா நீ ஒண்ணுமில்லம்ப. உள்ள தள்ளு."

மறுபடி ஈரத்துணி. அதுவும் போர்வைக்குள்ளே கையை விட்டு, அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு. கதை சொல்லிப் பார்த்தாள். அவர் தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நாளில் ஈரத்துணியும் வேண்டாமென்றார். மகளிடம் அவரே பேசி, ஆளைத் தூக்கிக் குளிப்பாட்ட ஒரு உதவியாளை ஏற்பாடு செய்யச் சொன்னார்.

"முன்பின் தெரியாத ஆளு பாத்தா மட்டும் பரவாயில்லயா உங்களுக்கு?" அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவன் வேலைக்கு வர்றான். ஊத்திட்டுப் போயிடுவான்." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ பாத்தா, எல்லாரும் பாக்குற மாதிரி இருக்கு."

உதவியாள் நல்ல திடகாத்திரமான ஆள். முதல் நாள் வாசலிலேயே அவளை அடையாளம் கண்டுகொண்டான். "அந்த வீடியோல வர்றது நீங்கதானக்கா? என் வீட்டுக்காரிகிட்ட காட்டி, பாத்துக் கத்துக்கோன்னு சொன்னேன்." அவள் வெந்நீர் வாளியை எடுத்துக் கொடுத்தாள். அவன் செக்கர் சாரைச் சுளுவாகத் தூக்கிக் குளியலறைக்குள் கொண்டுபோனான். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது. போட்டது சரிதானா என்று உள்ளிருந்து யாரோ இழுத்துப் பார்ப்பதும் கேட்டது.

அவள் துண்டோடு வெளியே நின்றாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் மனசு கேட்கவில்லை. "தம்பி, இடது தோள்ல முதல்ல ஊத்துங்க. வலது பக்கம் அவருக்குச் சூடு தெரியாது."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"யாரு?" என்றது அவர் குரல்.

"நான்தாங்க. துண்டு கொண்டுவந்தேன்."



"வெளியில வச்சிட்டுப் போ."

அவள் துண்டைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு, தையல் மெஷினுக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் நகர்ந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் உள்ளே மறுபடி தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.