நீர்க்காகத்தை யார் சொன்னது?

கம்பவுண்டருக்கு ஒரு பறவையால் பொறாமை வந்தது. சிரிக்காமல் கேளுங்கள். பொறாமை எதை முன்னிட்டு வந்தாலும் எரிகிற இடம் ஒன்றுதான்.

மனிதர் கால்நடை மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தவர். உதைக்கிற மாட்டைப் பிடித்து நிறுத்துவது, கடிக்கிற நாய்க்கு வாய்க்கட்டுப் போடுவது, ஆட்டுக்குட்டியின் தொண்டையில் குழாய் விட்டு மருந்து ஊற்றுவது எல்லாம் அவர் பாடு. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் அவருக்கு முன்னால் பினாயில் வாசனை நுழையும். மனைவி மூக்கைப் பிடித்துக்கொள்கிறவள் அல்ல. அவளுக்கு அந்த வாசனை வேண்டியிருந்தது, ஏனென்றால் அவள் கதை எழுதுகிறவள்.

வார இதழில் அவள் கதைகள் வரும். மாதத்துக்கு ஒன்றாவது வந்துவிடும். தெருவில் கம்பவுண்டருக்குப் பெயரே ‘கதையம்மா வீட்டுக்காரர்’ என்று ஆகிவிட்டது. வேறொருவராக இருந்தால் அதற்கே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். இவருக்கோ உச்சி குளிர்ந்தது. காரணம் உண்டு. அவள் கதைகளில் மனிதர்களின் மனசைச் சொல்ல வருவதெல்லாம் மிருகங்கள்தான்; அந்த மிருகங்கள் அத்தனையும் இவர் கொடுத்தவை. அண்ணன் செத்த பிறகு பேச்சை விட்டுவிட்ட ஒருவனைப் பற்றி அவள் எழுதினாள். அவன் கட்டிலில் எப்போதும் ஒரு ஓரமாகவே படுப்பான், ஜோடி போன பிறகும் ஒரு பக்கம் இடம் விட்டே நிற்கிற காளையைப் போல. படித்தவர்கள் கண் கலங்கினார்கள். அந்தக் காளைக்கு ஊசி போட்டது யார்? நம்ம கம்பவுண்டர்.

எல்லாம் சாயங்காலக் கேள்விகளில் இருந்து வரும். அவர் உட்கார்ந்து காபியை ஆற்றும்போது அவள் எதிரில் வந்து உட்காருவாள். பயந்த குதிரை முதலில் காதை அசைக்குமா காலை அசைக்குமா என்பாள். அடைகாக்கிற கோழி யாரைக் கண்டால் எழுந்திருக்கும் என்பாள். இவர் மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி கறாராகப் பதில் சொல்வார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தப் பேச்சுக்காகவே மனிதர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு வந்து சேர்வார்.

மகளுக்குத் தூரத்து ஊரில் வேலை கிடைத்து, அவளும் பெட்டி படுக்கையோடு கிளம்பிப் போன பிறகு வந்த கதையில்தான் வினை வந்து சேர்ந்தது. கதையில் ஒரு பெண், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வாசலில் வந்து நிற்கிறாள். கால்வாய்க் கல்லின் மேல் இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கும் நீர்க்காகத்தைப் போல நிற்கிறாள் என்று எழுதியிருந்தது. பார்க்கிறவர்கள் பறக்கப் போகிறது என்று நினைக்கிறார்கள், அது ஈரத்தைக் காய வைத்துக்கொண்டிருக்கிறது, காய்ந்ததும் அதே தண்ணீரில்தான் இறங்கப் போகிறது என்று எழுதியிருந்தது.

கம்பவுண்டர் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. அவர் தன் ஆயுளில் நீர்க்காகத்தைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. எந்த நீர்க்காகம் காய்ச்சல் என்று மருத்துவமனைக்கு வந்திருக்கிறது? அப்படியானால் இதை யார் சொன்னது? யாரோ ஒருத்தன் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் கேட்கக் கேட்கச் சொல்லியிருக்கிறான். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். நினைக்கும்போதே அவருக்குக் காதில் புகை வந்தது.

நேராகக் கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? கேட்க மாட்டார். கேட்டால் கௌரவம் குறைந்துவிடும். பத்திரிகை ஆசிரியர்தான் ஆள் என்று அவராகவே முடிவு கட்டினார். அந்த ஆள் அடிக்கடி போன் செய்வார், தேன் தடவினாற்போல் பேசுவார், ‘அம்மா, அடுத்த கதை எப்போ’ என்பார். லீவு போட்டுவிட்டு, பழைய இதழ் ஒன்று வேண்டும் என்கிற சாக்கில் கம்பவுண்டர் பத்திரிகை அலுவலகத்துக்கே போய்விட்டார்.

ஆசிரியர் என்றால் நெற்றியில் முடி புரள ஒருவர் இருப்பார் என்று நினைத்துப் போனால், மூச்சிரைப்புக்காரப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். அறையில் ஜன்னலைக் கூடத் திறப்பதில்லையாம், தூசி ஆகாதாம். இந்த மனிதர் எங்கே கால்வாய்க்கரைக்குப் போவது, எங்கே பறவை பார்ப்பது! கம்பவுண்டருக்குப் பாதி உயிர் திரும்பியது. அந்த நேரம் பார்த்துப் பெரியவர், நீர்க்காகக் கதையைப் பற்றி இன்னும் போன் வந்துகொண்டிருக்கிறது, அதுவும் உங்கள் உபயம்தானே என்று கேட்டுவிட்டார்.

கம்பவுண்டர் சற்றும் கூசாமல் ஆமாம் என்றார். வெளியே வந்து படியிறங்கும்போதுதான் தன் பொருள் அல்லாததைத் தன் பொருள் என்று சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. அதற்கும் சேர்த்து மனைவி மேல்தான் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தோடு அவர் காபியை ஆற்றிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“என்னங்க, குட்டிங்களை எல்லாம் ஆளுக்கொண்ணா எடுத்துட்டுப் போயிட்டா, தாய் நாய் என்ன பண்ணும்?”

உண்மை அவருக்குத் தெரியாதா? பால் கட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிற தாய் நாய்கள், வலியோடு வலியாக மருந்து மேஜைக்கு அடியில் கூடக் குனிந்து தேடும். எத்தனை பார்த்திருக்கிறார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீர்க்காகம் குறுக்கே வந்து நின்றது. ஆசிரியர் இல்லாவிட்டால் வேறே ஆள் இருக்கிறானே, அவனிடம் கேட்டுக்கொள்ளட்டும். இல்லை, இங்கேயே கேட்டு, தப்பும் தவறுமாக எழுதி, ஊர் சிரிக்கட்டும்.

“ஒண்ணும் பண்ணாது” என்றார். “சாப்பாடு வச்சா சாப்பிட்டுட்டுத் தூங்கும். மறந்துடும்.”

அவள் உடனேவா என்று கேட்டாள். உடனே என்றார். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார். பொறாமைக்காரர்களுக்கு அப்படிச் சில நாள் நல்ல தூக்கம் வரும்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் அவர் வீடு திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. சாவிக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தார். தெருக்கோடியிலிருந்து அவள் நடந்து வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. எங்கே போனாய் என்று அதட்டலாகக் கேட்டார். பின்தெருவில் வெல்டிங் பட்டறைக்குப் போயிருந்தாளாம். அங்கே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது, பட்டறைக்காரர் குட்டிகளையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். மத்தியானம் பூராவும் அவள் அந்த நாயையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“நீங்க சொன்ன மாதிரி இல்லீங்க” என்றாள். “காலிச் சாக்கை மோந்து பாக்குது. வெளிய போகுது, திரும்பி வந்து மறுபடியும் அதையே மோந்து பாக்குது. வச்ச சாப்பாடு வச்சபடியே இருக்கு.”

கம்பவுண்டர் பூசி மெழுகப் பார்த்தார். நாய்க்கு நாய் வித்தியாசப்படும், ஒன்றைப் போல் ஒன்று இருக்காது என்றார். அவள் கதவைத் திறந்தாள். உள்ளே போன பிறகு அவரால் அடக்க முடியவில்லை. இத்தனை நாள் மென்று விழுங்கியதைக் கொட்டிவிட்டார்.

“அந்த நீர்க்காகத்தை உனக்கு யார் சொன்னது?”

அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் அவள் முகத்தில் கோபம் வந்திருந்தால் இவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“யாரும் சொல்லலை. நம்ம பாப்பா வேலைக்குப் போனதுலேருந்து மத்தியானத்துல என்னால வீட்ல இருக்க முடியலை. கால்வாய்க்கரையில போய் உக்காந்துப்பேன். அங்க பாத்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

“சொல்லலியா?” என்றாள் அவள். “அந்த நாய் என்ன பண்ணும்னு யாருக்காகக் கேட்டேன்னு நெனச்சீங்க?”

கம்பவுண்டருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இடம் விட்டு நின்ற காளையைப் பற்றி அவள் கேட்டது அவளுடைய அண்ணன் செத்த வருஷம். பயந்த குதிரையைப் பற்றிக் கேட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் அவளிடம் சொன்ன வாரம். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் எதிரில் உட்கார்ந்து தன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் காதையும் காலையும் பற்றிப் பதில் சொல்லிவிட்டுக் காபி குடித்திருக்கிறார். போட்டிக்கு ஒரு ஆள் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம், இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆளே இல்லை. இத்தனை பொறாமையையும் வைத்துக்கொண்டு யார் மேல் இறக்குவது என்று தெரியாமல் அவருக்கு வெட்கமாக இருந்தது.

“உங்களுக்கு உண்மை தெரியும்தானே?” என்று அவள் கேட்டாள். “நாய் மறக்காதுன்னு தெரிஞ்சேதானே அப்படிச் சொன்னீங்க?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆசிரியரிடம் சொன்னது போல் இதையும் கூசாமல் சொல்லியிருக்கலாம். ஏனோ நாக்கு எழவில்லை.

“தெரியும்” என்றார்.

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நாய்க் கதை வந்தது. காலிச் சாக்கு இருந்தது, சாப்பாடு வைத்தபடியே இருந்தது, ஒரு சொல் தப்பில்லை. தெருவில் இரண்டு பேர் கம்பவுண்டரை நிறுத்தி, உங்களைக் கேட்காமல் இதை எழுதியிருக்க முடியுமா என்று கையைக் குலுக்கினார்கள். அவர் கையைக் கொடுத்துவிட்டு வேகமாக நடந்தார்.

வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, துவைத்த சட்டை, ஞாயிற்றுக்கிழமை மகளோடு போனில் இரண்டு பேரும் மாறி மாறிப் பேசுவது எல்லாம் நடக்கிறது. மத்தியானங்களில் அவள் எங்கே போகிறாள் என்று அவர் கேட்பதில்லை. சாயங்காலம் அவராகவே ஆரம்பிப்பார். இன்றைக்கு ஒரு பசு வந்தது, கன்று செத்துப் பிறந்தது, அது பண்ணின காரியத்தைக் கேட்டால் நீ நம்ப மாட்டாய் என்பார். அவள் கையில் இருக்கிற வேலையை நிறுத்தாமலே அப்படியா என்பாள். அந்த ‘அப்படியா’வுக்கு மேல் பேச்சு ஓடாது.

நேற்று அவரே வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

“ஏம்மா, கதைக்கு எதாவது கேக்கணுமா? எதுவா இருந்தாலும் கேளு. சரியாச் சொல்றேன்.”

அவள் நின்றாள். கேட்கப் போகிறாள் என்றே நினைத்தார்.

“எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?” என்றாள். “நான் போய்ப் பாத்துக்கறேன்.”