கிள்ளான் துணிக்கடை டெலிபோனில் என் குரல்

தொண்ணூறுகளின் நடுவில் நான் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்த சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தேன். டெலிபோனைத் தானாக எடுத்துப் பேசும் கருவிகளைக் கடைகளுக்குச் செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். எந்த எண்ணை அழுத்தினால் என்ன விவரம் கிடைக்கும் என்று அழைப்பவருக்கு ஒரு குரல் சொல்லும். அந்தக் குரல் எதை, எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று எழுதுவது என் பொறுப்பு. இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கப் பொறுமையில்லாமல் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி வைத்திருந்தேன். அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ள அவருக்கு அதுவே தாராளம்.

தீபாவளி நெருங்கும் சமயம் பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் எங்களைத் தேடி வந்தார். தைக்கக் கொடுத்த ரவிக்கை தயாரா என்று கேட்டே நாள் முழுக்க போன் அடிக்கிறதாம். கடைப்பெண்களால் ஒரு புடவையைக்கூட முழுதாக விரித்துக் காட்ட முடியவில்லையாம். கருவி தமிழில் பேச வேண்டும் என்றார். எங்கள் முதலாளி சீனர். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், என் குரலையே பதிவு செய்யச் சொல்லிவிட்டார்.

நான் எழுதிக் காட்டிய வாசகம் கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை.

"வர்றவங்கள வாங்கன்னு கூப்பிடாம, எடுத்த எடுப்புல நம்பர அமுக்குன்னா எப்படி தங்கச்சி? நேர்ல வந்தா நாங்க குடிக்க சிரப் தண்ணியே குடுக்குறோம்லா."

ஆகவே வணக்கம், வருக, பண்டிகை வாழ்த்து, குடும்பத்தார் நலம் விசாரிப்பு எல்லாவற்றையும் சேர்த்தேன். அட்டைப்பெட்டிகள் அடுக்கிய சாமான் அறையில் உட்கார்ந்து, ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி, வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல விறைப்பாகப் படித்து முடித்தேன். முதலாளி ஒரு சொல்லும் புரியாமல் தலையாட்டிப் பாராட்டினார்.

கருவியைப் பொருத்திய இரண்டொரு நாளில் அம்மா அந்தக் கடைக்குப் போன் செய்தார். அவருடைய ரவிக்கையும் அங்கேதான் கிடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுமுனையில் ஒலித்தது மகளின் குரல்.

"என்னடி, நீ அங்க என்ன செய்யிற?" என்று அம்மா கேட்டிருக்கிறார்.

"புடவைகள் பற்றி அறிய ஒன்றை அழுத்தவும்."

"புடவைய விடுடி. காலைல ஆபீசுக்குன்னுதானே சொல்லிட்டுப் போன?"

"தையல் பற்றி அறிய மூன்றை அழுத்தவும்."

சொன்னதைச் செய்தாலாவது பதில் வருமா என்று அம்மா மூன்றைச் சுற்றியிருக்கிறார். எங்கள் வீட்டில் இருந்தது விரலை விட்டுச் சுற்றும் பழைய டெலிபோன். பொத்தான் போன்களின் 'பீப்' ஒலி மட்டும்தான் கருவிக்குப் புரியும்.

"மன்னிக்கவும். தாங்கள் அழுத்தியது புரியவில்லை. மீண்டும் முயலவும்."

"பெத்தவகிட்டயே தாங்கள்னு பேசுறியா?"

அதற்கும் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி வணக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். எனக்குக் கம்ப்யூட்டர் வேலை போய்விட்டது, அதை மறைத்துக்கொண்டு கிள்ளானில் புடவை விற்கிறேன், முதலாளி பக்கத்தில் நிற்பதால் பெற்ற தாயிடம்கூடப் பேச பயப்படுகிறேன் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். அந்தக் கோபத்திலும் சோற்றை அடுக்குச் சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு கிள்ளான் பஸ் ஏறினார்.

பகலில் கடைக்காரர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "தங்கச்சி, உங்க அம்மா இங்க உக்காந்திருக்காங்க. உங்கள வெளிய அனுப்பச் சொல்றாங்க. நான் எங்கேர்ந்து அனுப்புறது?"

முதலாளியின் காரில் போய்ச் சேர்ந்தேன். அம்மா மின்விசிறிக்குக் கீழே, சிரப் தண்ணீர் டம்ளருடன் அமர்ந்திருந்தார். மேசை மேல் இருந்த கருவியைக் கடைக்காரர் உரக்கப் பேச விட்டிருந்தார். பெட்டிக்குள்ளிருந்து நான் அம்மாவிடம் குடும்பத்தார் நலமா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"இதுல பேசுறது நீயா?"

"நான்தாம்மா. முன்னாடியே பேசி வச்சது."

"அப்ப வேல போகலியா?"

"இதுதாம்மா வேல."

அம்மா டம்ளரை மேசை மேல் வைத்தார். "நலமான்னு கேட்டா, பதில் சொல்ல விடணும்ல? நான் வாயத் தொறக்குறதுக்குள்ள நீ ஒன்ன அமுக்குங்குற."

கடைப்பெண்கள் புடவைக் குவியலுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரித்தால் அடி விழும் என்று எனக்குத் தெரியும். அம்மா சட்டியைத் திறந்து நீட்ட, நான் அங்கேயே ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். முதலாளிக்கும் ஒரு துண்டு மீன் கிடைத்தது.

எதையும் அழுத்தாமல் காத்திருப்பவர்களின் அழைப்பு கடைப்பெண்களிடமே போகும்படி மறுநாளே மாற்றினோம். கடைக்காரருக்கு வேறொரு யோசனையும் வந்திருந்தது. "அம்மாவயே பேசச் சொல்லுங்களேன். அவங்க சொன்னா சனங்க பயந்துக்கிட்டாவது அமுக்குவாங்க."

அம்மா முடியவே முடியாது என்றார். மறுநாள் காலையில் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, பவுடர் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். குரல் மட்டும்தான் போகும், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்கும் தைரியமில்லை, முதலாளிக்கும் தைரியமில்லை. நான் எழுதிக் கொடுத்த தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா தன் பாட்டுக்குப் பேசினார்.

"வாங்க, வாங்க. சாப்டீங்களா? ரவிக்கைன்னா மூணு அமுக்குங்க. சுத்துற போனா? சும்மா இருங்க, ஆள் வருவாங்க." நடுவில் ஓர் இருமல். கடைக்காரர் அதை வெட்ட விடவில்லை.

அதன் பிறகு எல்லாரும் மூன்றை ஒழுங்காக அழுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. பாதிப் பேர், சாப்பிட்டாயிற்று என்று பதில் சொல்லிவிட்டு, கடைப்பெண்கள் எடுக்கும்போது என்ன குழம்பு என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். ஆனால் யாரும் கோபித்துக்கொண்டு போனை வைக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, நானும் அம்மாவும் பாசாரில் மீன் வாங்கப் போனோம். அம்மா கெம்போங் மீனுக்குப் பேரம் பேசுவதைக் கேட்டு முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பினாள்.

"ஆன்டி, கிள்ளான் துணிக்கடை போன்ல பேசுறது நீங்கதானே? நான் அமுக்கினேன் ஆன்டி, லைன் கட்டாயிருச்சு."

அம்மா மீனைக் கீழே வைத்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"எந்த நம்பர அமுக்குனீங்க?" என்றார், மிகுந்த பொறுப்போடு.