இரண்டு சோடி நீலச் செருப்பு

எங்கள் குசினி வாசலில் இரண்டு சோடி நீல றப்பர் செருப்புகள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. மற்றது என் கணவரின் தமக்கையுடையது. அவரை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன், அவரும் என்னை அப்படித்தான். அந்தச் செருப்பில் அவர் கால் வைத்து இரண்டு வருடமாகிறது. ஆனாலும் தினமும் இரண்டு சோடியையும் கழுவிக் காயவைக்கிறேன். ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை.

மகள் ஐந்து வயதில் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு பிடி மிக்சர் சாப்பிட்டாள். கச்சான், அதுதான் நிலக்கடலை, அவளுக்கு ஆகாது என்று அன்றுதான் தெரிந்தது. உதடு வீங்கி மூச்சு இழுக்கத் தொடங்க, பெற்றவள் நான் கைகால் ஓடாமல் நின்றேன். மச்சாள்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு றோட்டுக்கு ஓடி, போன ஓட்டோவை மறித்து, தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அவரால்தான் எனக்கு இன்றைக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

அதன் பிறகு கடைப் பண்டம் எதையும் நம்ப முடியவில்லை. முறுக்கு பொரித்த எண்ணெயிலேயே கச்சானையும் பொரிப்பார்கள். நானும் மச்சாளும் மகளுக்கென்று அரிசிமா முறுக்கும் பயத்தம் உருண்டையும் செய்தோம். பள்ளிக்கூட வாசலில் இன்னொரு தாய் கேட்டாள். அவளுடைய மகனுக்கும் இதே கரைச்சல். பிறகு கரவெட்டியிலிருந்து ஒருவர், பண்டத்தரிப்பிலிருந்து இருவர். ஒரு வருடத்துக்குள் ‘கச்சானும் கஜுவும் சேராத குசினியில் செய்தது’ என்று அச்சடித்துப் பைகளில் ஒட்டுமளவுக்கு வந்துவிட்டோம். சட்டங்களை நான்தான் போட்டேன். வெளிச்செருப்பு உள்ளே வராது, சமையலுக்கென்று வைத்த நீலச் செருப்புத்தான். வெளியே போய்வந்தால் குளித்து உடுப்பு மாற்றாமல் குசினிக்குள் கால் வைக்கக் கூடாது. “உம்மடை குசினிக்குள்ளை போறதிலும் மூலஸ்தானத்துக்குள்ளை போறது சுகம்” என்று மச்சாள் பகிடி பண்ணுவார். ஆனால் ஒரு நாளும் மீறவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், தேர்த்திருவிழாவுக்கு அடுத்த நாள், மா அரிக்கிற தட்டில் சிவந்த தோல் ஒன்று ஒட்டியிருக்கக் கண்டேன். கச்சான் தோல். அந்த மாவில் செய்த முறுக்கெல்லாம் காலையிலேயே வீடுகளுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு தாய்க்கும் போன் எடுத்துப் பைகளைத் திருப்பி வாங்கினேன். ஒரு பையன் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டான். அவனுடைய தாய்க்குப் பின்னேரம்வரை திரும்பத் திரும்பப் போன் எடுத்தபடி இருந்தேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்குப் போனவர் கோயில் கச்சான் இல்லாமல் வீடு திரும்பமாட்டார். போகாதவர்கள் “எங்கை கச்சான்?” என்று உரிமையோடு கை நீட்டுவார்கள். மச்சாள் முதல் நாள் தேருக்குப் போய்வந்துதான் வேலைக்கு வந்தவர். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன், கேட்டேன் என்பதைவிடக் குற்றம் சாட்டினேன் என்பதே சரி.

“நான் கச்சான் வாங்கிறேல்லை மச்சாள். பிள்ளைக்கு அப்பிடி வந்த நாளிலையிருந்து வாயிலையும் வைக்கேல்லை” என்றார்.

நான் நம்பவில்லை. இனி வரவேண்டாம் என்றேன். அவர் செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக ஒழுங்காய் வைத்துவிட்டுப் போனார். பிழை விட்டவரை நிறுத்திவிட்டேன் என்று எல்லாத் தாய்மாருக்கும் செய்தி அனுப்பினேன். அந்த ஒரு செய்தியால்தான் வியாபாரம் தப்பியது.

போன வருடம் தேருக்கு உடுக்கவென்று அலுமாரியிலிருந்து பட்டுச்சேலையை எடுத்தேன். அடிக்கரைத் தையலுக்குள் கச்சான் கோதும் இரண்டு சிவந்த தோலும் சிக்கியிருந்தன. கட்டிலில் இருந்துவிட்டேன். முந்திய தேரன்று நானும் கோயில் வீதி மணலில் இருந்திருக்கிறேன். சுற்றிவரச் சனம் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தபோது காற்றுக்குக் குசினி யன்னல் அடித்துக்கொண்டிருந்தது. மாவில் தூசி விழப்போகிறதே என்று, அதே சேலையோடு உள்ளே ஓடி, அரிதட்டை எடுத்து வைத்துவிட்டு மாவை மூடினேன். ஒரு நிமிடம்கூட இராது. மச்சாளைக் குற்றம் சாட்டிய நேரம் அந்த நிமிடம் என் நினைவில் வரவேயில்லை.

இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. பிழை விட்டது நான் என்றால் யாரை நிறுத்துவது? அந்தப் பிள்ளைகளுக்கு இடைவேளையில் தின்ன வேறு பண்டம் இல்லை. உதவிக்கு ஒருவரை வைக்கவும் பயம், ஒரு கலியாணவீட்டுக்குப் போய்வரவும் பயம். காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போனால் பின்னேரம்தான் வெளியே. நான் போட்ட சட்டங்களுக்குள் நானே சிறைப்பட்டு மறியல் இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

இந்த வருடத் தேர் முடிந்து மச்சாள் எங்கள் வாசல் படலையடியில் நின்று பிள்ளையைச் சுகம் விசாரித்தார். உள்ளே வரச் சொன்னேன்.

“வேண்டாம் மச்சாள். கோயிலாலை நேரை வாறன், குளிக்கேல்லை” என்றார். பிறகு, நான் கேட்காமலே, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். வெறுங்கை.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “பிள்ளை சுகமாய் இருக்கிறாள்” என்பதுதான் வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் திரும்பிவந்து இரண்டு சோடியையும் கழுவி, அவருடையதை அவர் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே வைத்தேன்.