நான் நிறுத்திய மாத்திரை

கொழுப்பு மாத்திரையை நான் நிறுத்தி நாலு மாசம் ஆகியிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. தினமும் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுப்பேன். பாத்திரம் கழுவுகிற இடத்தில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவேன். ரத்தம் உறையாமலிருக்க, பிரஷருக்கு என்று கொடுத்த மற்ற மாத்திரைகளையெல்லாம் ஒழுங்காக விழுங்கினேன். இது ஒன்றைத்தான் விட்டேன்.

அதற்கு இரண்டு வருஷம் முந்தி எனக்கு மாரடைப்பு வந்தது. வண்டன்மேட்டில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் காய் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. ஒரு நாள் காலையில் சல்லடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது தாடையும் இடது தோளும் கடுத்தன. வாயு என்று நினைத்துச் சுக்குக் காப்பி குடித்துவிட்டு மத்தியானம் வரை வேலை பார்த்தேன். வாந்தி எடுத்த பிறகுதான் என் வீட்டுக்காரர் தன் ஜீப்பில் ஏற்றி, கம்பம்மெட்டு வழியாக மலையிறக்கிக் கொண்டுபோனார். தேனியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது.

வீட்டுக்கு வந்த பிறகு மாட்டுக்கறி நின்றது. தேங்காய் பாதியானது. பரோட்டா வாங்கி வந்தால் மகள் அதை என் கண்ணில் படாமல் தின்றாள். இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. தொடைவலியைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, தோட்டத்துச் சரிவில் இருக்கிறது. வேலைக்குப் போக ஏற வேண்டும். முன்பு ஒரே மூச்சில் ஏறியவள், மூன்று இடத்தில் நின்று தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டு ஏறினேன். கூட வேலை பார்க்கிறவள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். கொழுப்பு மாத்திரை சதையைத் தின்றுவிடும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அடுத்த நாளே நிறுத்திவிட்டேன். வலி கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது. உண்மையைச் சொன்னால், நோயாளியாக இருந்து இருந்து அலுத்துப் போயிருந்தேன். ஒன்றையாவது என் இஷ்டத்துக்கு விட்டேன் என்பதில் ஒரு திருப்தி இருந்தது.

பரிசோதனைக்குத் தேனிக்குப் போனபோது டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். என் மகளைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம், அவ்வளவுதான்.

"கெட்ட கொழுப்பு எழுபதுக்குக் கீழ இருக்கணும்மா. உங்களுக்கு இருநூறைத் தாண்டியிருக்கு. மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்கல்ல?"

"ஆமா டாக்டர்."

"பெரிய டோஸ்தான் குடுத்திருக்கேன். அதுக்கும் இப்படின்னா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போடுற ஊசி இருக்கு. விலை கூடத்தான்."

என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "போட்டுரலாம் டாக்டர். ஜீப்பை வித்துர்றேன்" என்றார்.

முப்பது வருஷமாக ஓட்டுகிற மனிதர். அந்த ஜீப் இல்லாமல் அவரை எனக்கு நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் சொன்ன பொய்க்கு அவர் அதை விற்க வேண்டியதாகிவிடும்.

"நான் மாத்திரை சாப்பிடலை டாக்டர்" என்றேன். "நாலு மாசமா."

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

"காலு வலிச்சுதா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"சில பேருக்கு வலிக்கும்மா. வலிச்சா என்கிட்ட சொல்லணும், நீங்களா நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வச்சது அடைச்ச ஒரு இடத்தைத் திறக்கத்தான். கொழுப்பு இப்படியே இருந்தா வேற இடத்துல அடைக்கும். வேற மாத்திரைக்கு மாத்தலாம், அளவைக் குறைக்கலாம், கூட இன்னொன்னைச் சேக்கலாம். அதுக்கப்புறம்தான் ஊசி."

பிறகு என் பழைய ரிசல்ட்டுகளைப் புரட்டினார். செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாரை விரலால் அழுத்திப் பார்த்தார். அது தடித்திருந்தது. பிறவியிலேயே கொழுப்பு கூட இருந்தால் அங்கே படிந்து தடிக்குமாம். குடும்பத்தில் யாருக்காவது நெஞ்சு நோவு உண்டா என்றார். அப்பா நாற்பத்து நாலு வயதில் ஏலத்தோட்டத்தில் விழுந்து செத்தார். அண்ணன் டீ பாக்டரியில், நாற்பத்தாறில். வேலைப்பளு, குடி என்று எங்கள் வீட்டில் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"உங்களுக்கு இது பரம்பரையா வர்ற கொழுப்பா இருக்கும். சாப்பாட்டுல மட்டும் அடங்காது. பிள்ளைங்க எத்தனை?"

"ஒரே பொண்ணு."

"அவளுக்கும் டெஸ்ட் எடுத்துருங்க. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. இப்பவே தெரிஞ்சா உங்க மாதிரி ஆகாம பாத்துக்கலாம்."

மகளுக்கு இருபத்து நாலு வயது. கம்பம் பக்கத்து மாப்பிள்ளைக்குப் பேசி முடித்திருந்தோம். இரண்டு வாரத்தில் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசிக்க வேண்டும்.

வீட்டுக்காரர் ஜீப்பை மலையேற்றினார். மூன்றாவது வளைவு தாண்டியதும், "தெனமும் என் கண்ணு முன்னாடிதானே அட்டையைப் பிச்ச?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போய், "புள்ளைக்கு டெஸ்ட்டெல்லாம் கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கிடலாம்" என்றார்.

சரி என்றேன். எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. அந்தச் 'சரி'யை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மறுநாள் சாயங்காலம் மகள் வேலையிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். என் கண் தன்னால் அவள் குதிகாலுக்குப் போனது.

"என்னம்மா என் காலையே பாக்குற?"

மழுப்பப் பார்த்தேன். விடவில்லை. மாத்திரையைக் கொட்டியது முதல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.  மறுநாள் விடிந்ததும் வெறும் வயிற்றோடு கிளம்பிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். ரிசல்ட் அவள் போனுக்கு வந்தது. என்னிடம் நீட்டினாள். அவளுக்கும் இருந்தது.

மாப்பிள்ளைக்கு அவளே போன் செய்து சொன்னாள். இரண்டு நாள் கழித்து அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷிதான். சர்க்கரை போடாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மதினி, இது பிறக்கப்போற பிள்ளைகளுக்கும் வருமா?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"வரலாம் மதினி" என்றேன். "மாத்திரை சாப்பிட்டா நல்லா இருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. உண்டாகிறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்வாங்களாம்."

"மறைக்காம சொன்னீங்க" என்றார். டீயை முழுதாகக் குடித்தார். சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பங்குச் சாமியாருக்குப் போன் செய்து, கல்யாணம் வேண்டாம், ஓலையை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

மகள் அந்த ஞாயிறு பூசைக்கு வரவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் போய் முதுகில் கை வைத்தேன்.

"எங்கிட்டருந்துதான் உனக்கு வந்திருக்கு" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தாள். "அதுக்கா உன்மேல கோவம்? நீ என்ன செய்வ அதுக்கு. நாலு மாசம் கொட்டிவிட்டியே, அதுல ஒருநாள் நீ விழுந்திருந்தா? நான் வேலைக்குப் போயிட்டு வந்து உன்னைப் பாத்திருந்தா?"

 திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள்.

வீட்டுக்காரர் பல நாள் முகம் கொடுக்கவில்லை. "சொல்லாம ஒரு மாசம் பொறுத்திருக்கலாம்" என்று ஒரு தடவை மட்டும் சொன்னார். அவர் சொன்னதில் அநியாயம் ஒன்றும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் அவளிடம் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை.

புது மாத்திரையில் வலி குறைவு. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏற்றத்தில் இப்போதும் ஒரு இடத்தில் நிற்கிறேன். மூன்று மாசம் கழித்து நானும் மகளும் பட்டினியாக மலையிறங்கி ரத்தம் கொடுத்தோம். பிறகு ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். அவளுக்கு நன்றாக இறங்கியிருந்தது. எனக்குப் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. டாக்டரம்மாவுக்குப் போதவில்லை.

"இன்னும் இறங்கணும்மா. அடுத்த தடவையும் இப்படியே நின்னா ஊசிதான்."

தலையாட்டினேன். மகளைப் பெண் கேட்டு வேறு இடம் வந்திருக்கிறது. முதல் நாளே சொல்லிவிடுவேன் என்கிறாள். சொல்லட்டும். எனக்குக் களைப்பாக இருந்தது. மருந்துக் கடையில் இரண்டு பேருக்கும் மூன்று மாசத்துக்கு வாங்கிக்கொண்டு, கம்பம்மெட்டுக்கு ஆளேற்றுகிற ஜீப்பில் சன்னல் பக்கம் அவளை உட்காரவைத்து, அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.