எண்ணெய் தடவாத கத்தி

மகளுடைய கல்லூரியில் மலைமுகாம் போகிறார்கள். அதற்கென்று இணையத்தில் ஒரு கத்தி வரவழைத்திருக்கிறாள். மடக்குக் கத்திதான், ஆனால் பிரித்துக்கொண்டே போனால் ரம்பம், ஸ்குரூ டிரைவர், டின் திறக்கும் கொக்கி என்று உள்ளே ஒரு பட்டறையே இருக்கிறது. "எப்படிப்பா இருக்கு?" என்று நீட்டினாள். ஃபிட்டர் வேலை பார்த்தவன் முதலில் அலகின் கூர்மையைத்தான் பார்த்திருக்க வேண்டும். எனக்கு மூக்கு முந்திக்கொண்டது. பிடியில் புது ரப்பர் வாசனை. பழைய சைக்கிள் டியூபை வெயிலில் வைத்து வெட்டினால் இதே வாசனைதான் வரும்.

டியூபை வெட்டியவன் நான். நெய்வேலியில் பயிற்சி முடித்து கான்ட்ராக்ட்டில் சேர்ந்திருந்த நேரம். குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். கூடவே பயிற்சி பெற்ற சேகருக்கு பர்மனென்ட் ஆகிவிட்டது. அவன் டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்தவன், மதுரைப் பக்கத்துக் குடும்பம். மதியச் சோறு பாதி நாள் எனக்கு அவன் குவார்ட்டர்ஸில்தான். கல்வராயன் மலைக்குப் போய் அருவிப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று ஆரம்பித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பிறகு அவன் செக்‌ஷனிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்தார்கள். சாமான் பொறுப்பு என்னுடையது. "நீதான்டா இதுக்கு சரி" என்று சேகர் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேர்ந்தெடுக்கிறேன் பேர்வழி என்று நான் அடித்த கூத்து கொஞ்சமல்ல. பண்ருட்டியில் கடை கடையாக ஏறி, கைக்கு அடக்கமான ஒரு கோடாலி, நைலான் கயிறு, முளையடிக்கச் சுத்தியல் எல்லாம் வாங்கினேன். பழக்க தோஷத்தில் இரண்டு ஸ்பேனரும் பைக்குள் போய்விட்டன. மலையில் எந்த நட்டைக் கழற்றப் போகிறேன் என்று யோசிக்கவே இல்லை.

கத்தி மட்டும் கடைக் கத்தி கூடாது என்று பிடிவாதம். எங்கள் பக்கம் மெஷின் வேலை தெரிந்தவன் வீட்டில் கடைக் கத்தி இருந்தால் சிரிப்பார்கள். பஜார் லேத்துப் பட்டறையில் உடைந்து கிடந்த, இரும்பறுக்கும் பெரிய ஹாக்ஸா பிளேடு ஒன்றைக் கேட்டு வாங்கி, பல்லைத் தேய்த்து எடுத்து, சாணை பிடித்தேன். சூடேறினால் பதம் போய்விடும் என்று தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து. வேப்பங்கட்டைப் பிடி, அதன்மேல் இழுத்துச் சுற்றிய சைக்கிள் டியூப். உறைகூட நானே ரெக்சினில் தைத்தேன். காகிதத்தைத் தொங்கவிட்டு வெட்டினால் சத்தமில்லாமல் இரண்டாகும். அதைப் பார்க்காத ஆள் எங்கள் ஷிப்டில் கிடையாது.

கிளம்புவது சேகர் வீட்டிலிருந்து என்பதால் பையை முன்னாடியே அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன். சூப்பர்வைசரிடம் கெஞ்சி லீவும் வாங்கியாகிவிட்டது. முதல் நாள் சைக்கிள் ஸ்டாண்டில் சேகர் வந்தான்.

"மச்சான், டூர் கேன்சல்டா. எல்லாருக்கும் ஷிப்ட் மாத்திட்டாங்க. பை வூட்லயே இருக்கட்டும், அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அவன் முகம் வாடியிருந்ததைப் பார்த்து நான்தான் அவனைத் தேற்றினேன். லீவை ரத்து செய்துகொண்டு வேலைக்குப் போனேன்.

அடுத்த வாரம் அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது பை மூலையில் கிடந்தது. சும்மா கத்தியை எடுத்தேன். உறையைவிட்டு வரமாட்டேன் என்றது. பலத்தைக் கூட்டி இழுத்ததும் உறையின் தையலோடு வந்தது. அலகு முழுக்கப் பலாப் பிசின். வீட்டில் பழம் அறுத்திருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து ஆட்கள் எண்ணெய் தடவாமல் பலாவில் கத்தி வைக்க மாட்டார்கள், இந்த மதுரைக்காரர்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் மறந்துவிடும்.

சேகரின் அம்மா சோற்றுத் தட்டோடு வந்தார். கத்தியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஏப்பா, மலையில பலாப்பழம் வாங்கி வெட்டுனீங்களாமே. எண்ணெ தடவணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீதான. நீ கூட இருந்துமா இப்படி?"

தட்டு என் கையில் இருந்தது. உள்ளறையில் சேகரின் ரேடியோ சட்டென்று நின்றது. ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

"மறந்துட்டோங்கம்மா" என்றேன்.

வெளியே வந்து அவனைப் பிடித்தேன். "ஏன்டா பொய் சொன்ன?"

"இல்ல மச்சான்… வந்தவன்லாம் பர்மனென்ட். ஒரு மாதிரி பேசுவானுங்க. உனக்குத்தான் சங்கடமா இருக்கும்னு…"

"என் கத்தி போச்சே, அதுக்கு சங்கடமா இல்லியா?"

அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்துவிட்டான். அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"அம்மாகிட்ட ஏன் நானும் வந்தன்னு சொன்ன?"

"நீ வரலன்னா ஏன்னு கேக்கும்ல."

அப்படியானால் செய்தது தப்பு என்று அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் ஸ்பேனர்கள் கலகலவென்று ஆடிக்கொண்டே வந்தன. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததில் பிசின் போய்விட்டது. அந்த வீட்டில் மறுபடி நான் சாப்பிடவில்லை.

பிறகு நானும் பர்மனென்ட் ஆனேன். சேகர் எங்கோ மகனோடு போய்விட்டான். அந்த குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே முள் மண்டிக் கிடக்கிறது. இங்கேயே தங்கிவிட்ட அவன் அம்மா மட்டும் கடைசிவரை என்னைப் பஜாரில் எங்கே பார்த்தாலும், காய்கறிக் கூடையோடு அப்படியே நின்று, "எண்ணெ தடவ மறந்த பயலே!" என்று கூப்பிடுவார். கூட நிற்பவர்களிடம் மலைக்கதையை ஆரம்பித்துவிடுவார். அருவி, கூடாரம், பலாப்பழம், எல்லாவற்றிலும் நான் இருப்பேன். நானும் தலையாட்டிக்கொண்டு நிற்பேன்.

போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார். அந்த மலைக்கு நான் போனதாகச் சொல்ல இனி ஒருவரும் இல்லை.