முதுகுக்குப் பின்னால் ஓடிய சண்டைப் படம்

அந்தப் படம் டிவியில் வரும்போதெல்லாம் நான் சத்தத்தைக் கூட்டச் சொல்வேன். "அப்பா, இது வெறும் சண்டைப் படம்பா" என்று நீங்கள் இருவரும் சிரிப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் தியேட்டரில் அதை நாலைந்து தடவை பார்த்திருப்பேன். கதாநாயகன் மேடை மேல் பாய்ந்து ஏறும்போது விசில் அடித்தது நினைவில் இருந்தது. கதை என்ன என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுபடி அந்தப் படம் வந்தது தெருவுக்குக் கேபிள் வந்த புதிதில். அப்போது மூத்தவள் கைக்குழந்தை, தம்பி பிறக்கவில்லை. கூடத்தில் தறி போக மிச்ச இடத்தில், என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் மேல் டிவி. உங்கள் அம்மா தறியில் என் வலது பக்கம் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவாள். தலையைக் கொஞ்சம் திருப்பினால் அவளுக்குப் படம் தெரியும். எனக்குக் காதில் விழுவதுதான் படம்.

அன்றைக்கு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நெசவாளர் சங்கத்துக்குத் தேர்தல் வந்திருந்தது. தறியில் ஏற்றுகிற பாவு நூல் சங்கத்திலிருந்துதான் வர வேண்டும். இருந்த பாவு அந்தச் சேலையோடு முடிகிறது, அடுத்தது எப்போது என்று தெரியாது. இந்த நேரத்தில்தான் உங்கள் மாமா வந்து, மறுபடியும் தலைவராக நிற்கிறவர் என்னைத் தன் அணியில் சங்க நிர்வாகக் குழு டைரக்டராக நிறுத்தப் போகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் நேரில் வருவார்களாம். சரி என்றால் நம் தறிக்குப் பாவு முதலில் வரும். முடியாது என்றால் எப்போது வருமோ. அந்த ஆள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பதவி வேண்டாம் என்றும் மனசு சொல்லவில்லை.

கை ஓடவில்லை. இழை அறுந்தது, முடிச்சுப் போட்டேன், மறுபடி அறுந்தது. பின்னால் படத்தில் வில்லன் ஏதோ கூட்டத்தில் பேசுகிறான். "ஐயா, குழாயில தண்ணி எப்ப வரும்?" என்று ஒரு பெண் கேட்கிறாள். உடனே டமால் டுமீல், கண்ணாடி உடைகிற சத்தம். அது முடிந்ததும் பாட்டு.

"தண்ணி வருமா வராதான்னு சொன்னானா?" என்று கேட்டேன்.

"யாரு?"

"வில்லன்தான்."

"அவன் ஜீப்புல ஏறிப் போய்ட்டான். ஹீரோ செம அடி அடிச்சான். நீங்க நாடாவப் போடுங்க."

கொஞ்ச நேரத்தில் இன்னொரு கூட்டம். ரேஷன் கடை ஏன் பூட்டிக் கிடக்கிறது என்கிறான் ஒருத்தன். மறுபடி அடிதடி. பிறகு ஒருத்தன் பள்ளிக்கூடக் கூரையைப் பற்றி வாயைத் திறந்தான். அடி விழப் போகிறது என்று எனக்கு முன்னாடியே தெரிந்தது. விழுந்தது.

நான் தறியை நிறுத்திவிட்டேன். அந்தப் படத்தில் யாராவது கேள்வி கேட்டால்தான் சண்டை வருகிறது. சண்டை முடியும்போது கேள்வி யாருக்கும் ஞாபகம் இல்லை. தியேட்டரில் எனக்கும் இருந்ததில்லை. படம் எடுத்தவர் அரசியல்வாதிகளோடு, விசில் அடித்த எங்களையும் சேர்த்துத்தான் கிண்டல் செய்திருக்கிறார். கண்ணுக்குச் சண்டை கிடைத்தவரை அது எனக்கு ஏறவே இல்லை.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "சண்டைப் படத்துல சண்டை வராம இன்னா வரும்?" என்றாள். அப்போது வில்லன் தன் கட்சிக்கு ஆள் பிடிக்கிற இடம் வந்தது. "மாலைய போடுங்கடா, பேரை அப்புறம் கேட்டுக்கலாம்" என்கிறான். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன், மறுபடி போனேன்.

சாயங்காலம் தலைவர் ஆட்களோடு வந்தார். உங்கள் மாமா கையில் சால்வை. உட்காருவதற்குள் என் தோளில் போட்டுவிட்டார்கள்.

"தெருவுல ஒருத்தன் இவரைக் குறை சொல்ல மாட்டான்" என்றார் தலைவர்.

நான் தலைவர் பக்கம் திரும்பினேன். "ஒண்ணு கேக்கணும்ணே. நம்ம தெருவுக்கு மட்டும் பாவு ஏன் எப்பவும் கடைசியா வருது?"

உங்கள் மாமா பெரிதாகச் சிரித்தார். "பாத்தீங்களா, இப்பவே டைரக்டர் மாதிரி பேசறாரு." எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் தறியில் இருந்த சேலையின் நிறத்தைப் புகழ்ந்தார். இன்னொருவர் குழந்தைக்கு என்ன பேர் என்றார். அம்மா காபி கொண்டுவந்தாள்.

அவர்கள் குடித்து முடிக்கும்வரை பொறுத்தேன். பிறகு அதையே மறுபடி கேட்டேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"மாப்ள, இன்னா பேசிக்கினு இருக்கற?" என்றார் மாமா.

"பாவு பத்திதான் மச்சான்."

தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆவட்டும்பா, நாங்க யோசிச்சு சொல்றோம்." என் பதிலைக் கேட்க வந்தவர்கள் அப்படிச் சொல்லிவிட்டுப் போனார்கள். சால்வையை மாமா மடித்து எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தேரடிச் சுவரில் ஒட்டிய தலைவர் அணிப் போஸ்டரில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கைகூப்பிக்கொண்டிருந்தார். நம் தறி பாவு இல்லாமல் சும்மா கிடந்தது. நான் இன்னொருவர் வீட்டுத் தறிக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சைக்கிளை நிறுத்தி அந்தப் போஸ்டரைப் பார்த்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபடி, வேலைக்கு நேரமானது தெரியாமல், பார்த்துக்கொண்டே நின்றேன்.